நான் குறித்துக் கொடுத்த திதி

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சண்டை டீச்சர் என்று பெயர். யாரோடும் சண்டைக்குப் போகிறவள் என்பதால் அல்ல. அதுவும் கொஞ்சம் உண்டுதான். ஆனால் பெயர் வந்தது பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தால். மற்றவர்கள் இரண்டு பீரியடில் முடித்துவிடுகிற இரண்டாம் உலகப் போரை நான் இரண்டு வாரம் நடத்துவேன். தலைமையாசிரியை கேட்டால், “போரே ஆறு வருஷம் நடந்திருக்கு மேடம்” என்பேன்.

எனக்குப் பிடித்தது போர் அல்ல, அது கை மாறுகிற இடம். எல் அலமைன் என்றவுடன் பெரிய கோட்டை என்று பிள்ளைகள் நினைப்பார்கள். நம்ம பக்கத்துப் பாம்புக்கோவில் சந்தை மாதிரி ரயில் நின்று போகிற ஒரு சின்ன ஸ்டேஷன், அவ்வளவுதான் என்பேன். அதற்கு முன்னால்வரை ஓடிவந்த படை அதற்குப் பிறகு பின்னால் ஓடியது. மிட்வேயில் ஒரு காலை நேரம், நாம் பிரேயருக்கு வரிசை கட்டி முடிப்பதற்குள் மூன்று கப்பல்கள் எரிந்தன; பசிபிக் கடலில் ஜப்பானின் கை இறங்கிவிட்டது. கொஹிமாவில் ஒரு டென்னிஸ் மைதானத்தின் இந்தக் கோடியில் ஒரு படை, அந்தக் கோடியில் ஒரு படை. இந்தக் கதைகளில் பின் பெஞ்சுக்காரர்கள்கூட வாயைப் பிளந்து கேட்பார்கள்.

ஒருவனுக்குப் புரியவில்லை என்றால் குற்றாலத்தைச் சொல்வேன். மெயின் அருவியில் தண்ணீர், முன்னால் கட்டியிருக்கிற பாதுகாப்பு வளைவான ஆர்ச்சுக்குள் விழுகிறவரை ஆயிரம் பேர் குளிக்கலாம். ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பித்தால் போலீஸ் விசில் ஊதிவிடும், அப்புறம் ஒரு பயலும் நிற்க முடியாது. ஒவ்வொரு போரிலும் அப்படி ஓர் ஆர்ச் உண்டு என்று சொல்லி, சாக்பீஸால் வரைபடத்தில் அழுத்தி ஒரு புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளியை வைக்கும்போது எனக்குள் ஒரு மிதப்பு வரும். அதை இன்று சொல்லிவிடுவதுதான் மரியாதை.

தென்காசியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெருவில் என் வீடு. தனியாக இருக்கிறேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி செங்கோட்டை ரூட்டில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவியை நான் மதினி என்பேன். அவள் என்னை டீச்சர் என்பாள். அவர்களுக்கு ஒரே மகன். என்னிடம் படித்தவன். வகுப்பில் டீச்சர், வீட்டில் அத்தை என்று கூப்பிடுகிற கெட்டிக்காரன். டிப்ளமோ முடித்து ஒரு ஏஜென்ட் மூலமாக ஒரு குளிர் தேசத்துக்கு குடோன் வேலைக்குப் போனான். நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று மதினி கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. மூன்றாம் மாதம் படிக்கத் தெரியாத மொழியில் ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நான்காம் மாதம் பச்சை உடுப்பில் அவன் போட்டோ வந்தது. தலையில் இருந்த இரும்புத் தொப்பி அவனுக்கு ஒரு சைஸ் பெரிது.

அண்ணாச்சி மனு மேல் மனு எழுதினார். அலைந்தார். எல்லா இடத்திலும் உட்காரச் சொன்னார்கள், விசாரிக்கிறோம் என்றார்கள். ஒரு நாள் சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

“டீச்சர், தம்பி பேசி அனுப்பியிருக்கான். ஏதோ ஊருப் பேரு சொல்லுதான். அது எங்கன இருக்குன்னு உங்க மேப்புல பாருங்க.”

என் கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு ஓர் உலக வரைபடம் உண்டு. போனை ஓடவிட்டார். அவன் ரகசியம் பேசுகிற மாதிரி ஓர் ஊரின் பெயரைச் சொன்னான். குரலுக்குப் பின்னால் இடைவிடாத ஓர் இரைச்சல். “அத்தையக் கேளுங்கப்பா. நாங்க எந்தப் பக்கம் நிக்கோம்னு எங்களுக்கே தெரிய மாட்டேங்கு. அத்தைக்குத் தெரியும்.” அவ்வளவுதான், அறுந்துவிட்டது.

கூட வந்திருந்த மதினி அந்த இரைச்சலை மறுபடி வைக்கச் சொன்னாள். “மெயின் அருவி பக்கத்துல நின்னு பேசுத மாதிரி இருக்கு. அங்கனயும் அருவி இருக்கும் போல” என்றாள். அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. சாரல் சீசனில் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை குளிக்கிறவன், தண்ணீர் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறான் என்று அவளுக்கு ஓர் ஆறுதல். அது பீரங்கி என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரிந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்றைக்கு அந்த ஊரின்மேல் ஒரு சிவப்புக் குண்டூசி குத்தினேன்.

அதற்குப் பிறகு தினமும் பள்ளி விட்டு வந்ததும் அண்ணாச்சி வந்துவிடுவார். நான் போனில் நாலு நாட்டுச் செய்திகளையும் படித்து, எந்தப் பாலம் போனது, எந்தச் சாலை யார் கையில் என்று பென்சிலால் கோடு இழுப்பேன். அவர் கண்டக்டர் மூளையோடு, “இந்த ஸ்டேஜுல இருந்து அந்த ஸ்டேஜுக்கு எத்தன கிலோமீட்டரு?” என்று கேட்பார். மதினி சுக்குக் காப்பி கொண்டுவந்து தருவாள். எனக்கு அந்தச் சாயங்காலங்கள் பிடித்திருந்தன. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் உண்மை. முப்பது வருஷமாகப் பாடப் புத்தகத்தில் செத்துக் கிடந்ததை முதல் தடவையாக உயிரோடு பார்க்கிறேன் என்று எனக்குள் ஒரு பரபரப்பு. குண்டூசியின் கீழே ஒரு பிள்ளை நிற்கிறான் என்பது சில நாள் காப்பி ஆறும்வரை எனக்கு நினைவுக்கே வராது.

பென்சில் கோடுகள் மெதுவாக வளைந்தன. வடக்கிலிருந்து ஒன்று, தெற்கிலிருந்து ஒன்று. குண்டூசி நடுவில். அவனிடமிருந்து குரல் வருவது நின்று பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு வியாழக்கிழமை இரண்டு கோடுகளும் தொட்டுக்கொண்டன. ஊர் சுற்றி வளைக்கப்பட்டுவிட்டது, உள்ளே இருந்த படை முடிந்தது என்று செய்தி. நான் வட்டத்தை முடித்துவிட்டு வகுப்பில் சொல்கிற அதே குரலில் சொன்னேன்.

“இதுதான் அண்ணாச்சி இந்தச் சண்டையோட ஸ்டாலின்கிராடு. இனிமே அந்தப் பக்கம் கை ஓங்காது. பின்னாலதான் போகணும்.”

“அந்த ஸ்டாலின்கிராடுல வளையத்துக்குள்ள மாட்டுனவங்க எல்லாம் என்ன ஆனாங்க டீச்சர்?”

“பாதிப் பேர் பனியிலயே போனாங்க. மிச்சப் பேர் கைதியாகி… வீடு வந்து சேந்தது ரொம்பக் கொஞ்சம்.”

இரண்டு மதிப்பெண் கேள்விக்கான பதில் அது. சரியான பதிலும்கூட. அண்ணாச்சி தோளில் இல்லாத பையைச் சரிசெய்வது மாதிரி கையைத் தூக்கி இறக்கினார். “அப்பம் தம்பி?” என்றார். நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று ஆடி பிறந்த பிறகுதான் தெரிந்தது.

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, “நாளைக்குக் குத்தாலத்துல தம்பிக்கு எள்ளுந்தண்ணியும் விடலாம்னு இருக்கேன். நீங்க கூட வரணும்” என்றார்.

உள்ளேயிருந்து மதினி கத்தினாள். “உசுரோட இருக்கவனுக்கு எவனாச்சும் எள்ளுந்தண்ணியும் விடுவானா?”

அண்ணாச்சி அவளைப் பார்க்கவில்லை. என்னிடம் சொன்னார். “அந்தக் குளிர் தேசத்துல எம்புள்ள தொண்ட காஞ்சு கிடப்பான் டீச்சர். ஒரு வாய்த் தண்ணி கொடுக்க ஆளு கிடையாது. நாந்தான கொடுக்கணும்?”

இறந்தவனுக்குத் தண்ணீர் விடாவிட்டால் அவன் தாகத்தோடு அலைவான். இருக்கிறவனுக்கு விட்டால் அவன் ஆயுளை நாமே முடித்துவிட்டதாக ஆகும். புருஷன் ஒன்றுக்குப் பயந்தார், பெண்டாட்டி மற்றதற்குப் பயந்தாள். நடுவில் நான் ஒருத்தி, எல்லாம் தெரிந்தவள். போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

விடிந்தவுடன் முதல் பஸ்ஸில் நானும் அண்ணாச்சியும் குற்றாலம் போனோம். சாரல் ஊசியாக இறங்கிக்கொண்டிருந்தது. அருவிக்கரையில் ஈரவேட்டிகளோடு கூட்டம். அத்தனை பேர் இருந்தும் பேச்சுச் சத்தமே இல்லை, அருவிச் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிட்டது. எனக்கு அந்தச் சத்தம் திடீரென்று தாங்கவில்லை. போனில் கேட்ட அதே இரைச்சல்தான். யாரோ அதன் மறுபக்கத்தில் நின்றுகொண்டு ரகசியமாகப் பேசுவதுபோல இருந்தது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

படித்துறையில் பலகை போட்டு உட்கார்ந்திருந்த ஐயர், அண்ணாச்சி சொன்னதைக் கேட்டுவிட்டுக் கையை நிறுத்தினார்.

“மகனா? போனது நிச்சயந்தானா? காணாமப் போனதுன்னா பன்னண்டு வருஷம் பாக்கணும். அவசரப்பட்டுச் செய்யக் கூடாது.”

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். “டீச்சருக்குத் தெரியும்.”

பன்னிரண்டு வருஷம். அந்த இடத்தில் எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டுக்குப் பன்னிரண்டு வருஷம் கிடைத்திருக்கும். ஐயர் பார்க்கிறார், பின்னால் நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள், அண்ணாச்சி பார்க்கிறார். “தெரியும்” என்றேன்.

“நாள்?”

இரண்டு பென்சில் கோடுகளும் தொட்டுக்கொண்ட அந்த வியாழக்கிழமையின் தேதியைச் சொன்னேன். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, “தேய்பிறை சப்தமி. வருஷா வருஷம் அன்னைக்குத் திதி குடுங்கோ” என்றார். தேதி கேட்டால் சொல்லிப் பழகிய வாய். யாரோ ஒரு செய்தியாளர் ஓர் ஊர் விழுந்தது என்று எழுதிய நாளை நான் எடுத்து, எனக்கு வரைபடத்தில் ஒழுங்காகப் பொருந்தியது என்பதற்காக, ஒரு பிள்ளையின் சாவு நாளாக்கிக் கொடுத்துவிட்டேன்.

அண்ணாச்சி மூன்று தடவை எள்ளும் தண்ணீரும் விட்டார். மற்றவர்கள் விட்டதெல்லாம் ஓட்டத்தோடு போனது. இவர் விட்ட எள் மட்டும் போகவில்லை. படியோரத்தில் சுழன்று சுழன்று திரும்பி வந்து அவர் கணுக்காலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. ஐயர் கையால் தண்ணீரைத் தள்ளிவிட்டார். மறுபடியும் வந்தது. “சுழிப்பு இருக்கும் அண்ணாச்சி, கல்லு முட்டுது” என்று நான் அதற்கும் விளக்கம் சொன்னேன். அவர் காலைக் கழுவாமலே மேலே ஏறினார்.

அன்று மத்தியானம் மதினி என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. வரைபடத்துக்கு முன்னால் போய் நின்று, அந்தச் சிவப்புக் குண்டூசியை வெகுநேரம் பார்த்தாள்.

“ஏன் டீச்சர், உங்க பாடத்துக்குள்ள எம்புள்ளைய எதுக்குச் சேத்தீங்க?”

அவள் போனபிறகு குண்டூசியைப் பிடுங்கினேன். சுவர்வரை துளை விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் பல நாள் யோசித்தேன். மிட்வேயில் அன்று காலை கப்பல் தளத்தில் நின்றவனுக்குப் புகை தெரிந்திருக்கும், சூடு தெரிந்திருக்கும். போர் கை மாறுகிறது என்பது தெரிந்திருக்காது. டென்னிஸ் மைதானத்தில் பதுங்கிக் கிடந்தவனுக்கு எதிரே இருக்கிற மண் மேடுதான் தெரியும். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்றுகூடத் தெரியாமல்தான் நின்றிருப்பார்கள். இது முடிவு, இது தொடக்கம் என்று கோடு போடுவதெல்லாம் பிற்பாடு காப்பி குடித்துக்கொண்டு படிக்கிற என் போன்றவர்கள். கோடு போட்டதும் கோட்டுக்கு உள்ளே இருந்தவர்களையெல்லாம் ஒரேயடியாகச் செத்தவர்கள் என்று கணக்கில் சேர்த்துவிடுகிறோம். வீடு வந்து சேர்ந்த அந்த ‘ரொம்பக் கொஞ்சம்’ பேரில் யார் இருந்தார்கள் என்று முப்பது வருஷத்தில் ஒரு பிள்ளைகூட என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்கவிட்டதில்லை.

ஆவணி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவருக்கு அந்தப்பக்கம் பாத்திரம் விழுகிற சத்தம். போனேன். மதினி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள், கையில் போன். மகனின் எண்ணிலிருந்து குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. அனுப்பிய நாள் முந்தின நாள். நான் சொன்ன சப்தமி முடிந்து எத்தனையோ வாரம் ஆகியிருந்தது.

பதினொரு விநாடி. பேச்சே இல்லை. அதே இரைச்சல், கொஞ்சம் தூரத்தில். கடைசியில் யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். பிறகு ஒன்றுமில்லை.

“எம்புள்ள செருமுதான்” என்றாள் மதினி.

“அவன் இல்ல. அவன் செருமல் எனக்குத் தெரியாதா?” என்றார் அண்ணாச்சி.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் இருபது தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி கேட்டது. ஒரு தடவை அவன்தான். ஒரு தடவை வயதான யாரோ. ஒரு தடவை செருமலே அல்ல, யாரோ மூச்சை இழுத்து ஏதோ சொல்லத் தொடங்குவதுபோல இருந்தது. திருப்பிக் கூப்பிட்டால் மணி போகவில்லை. அந்தப் போன் அவன் கையில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. செத்தவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தட்டிப் பார்க்கிறவன் எந்த நாட்டுப் படையிலும் இருப்பான்.

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டேன். மதினி என்னைக் குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். இழுத்துக்கொண்டு என்றுதான் சொல்ல வேண்டும், பஸ்ஸிலும் என் மணிக்கட்டை விடவில்லை. ஐயரிடம், “விட்ட தண்ணிய எப்படித் திருப்பி வாங்க?” என்று கேட்டாள்.

ஐயர் நல்ல மனுஷர். திட்டவில்லை. “விட்டது விட்டதுதான் அம்மா. ஆனா கர்மம் பண்ணினப்புறம் ஆள் உசுரோட இருக்கான்னு தெரிஞ்சா, அவன் மறுபடி பொறந்த மாதிரி. தொட்டில் கட்டிப் பேர் வைக்கணும். பழைய பேரையே வைக்கலாம்” என்றார். அவன் வந்த பிறகு செய்ய வேண்டியதை அவர் சொன்னார். மதினி பாதியைத்தான் காதில் வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு அனுப்பினாள். நடுவீட்டு விட்டத்தில் தன் கல்யாணச் சேலையைத் தொட்டிலாகக் கட்டியிருந்தாள். கீழே கோலம், விளக்கு, ஒரு தட்டில் சர்க்கரை. அண்ணாச்சி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெறுந்தொட்டிலை ஆட்டக் கூடாது என்பார்கள். அதனால் அதற்குள் போனை வைத்திருந்தாள். அந்தப் பதினொரு விநாடிப் பதிவு உள்ளேயிருந்து திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஆட்ட ஆட்ட இரைச்சல் பக்கத்தில் வந்தது, தள்ளிப் போனது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சேலைக்குள் யாரோ செருமினார்கள்.

“அத்தைதான காதுல பேரு சொல்லணும்” என்றாள். “வாங்க மதினி.” இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். “நாளும் நீங்கதான் குறிச்சீங்க. பேரும் நீங்களே சொல்லுங்க.”

தொட்டிலுக்குள் குனிந்தேன். ஓடிய பதிவை நிறுத்திவிட்டு, புதிதாக ஒன்றைப் பதியவிட்டு, போனை வாயருகே வைத்து, அவன் பெயரை மூன்று தடவை சொன்னேன். இரண்டாவது தடவை அழுதுவிட்டேன். அவள் என் விரலுக்கு மேல் தன் விரலை வைத்து அழுத்தி அதை அவனுக்கு அனுப்பினாள். ஒரு டிக் விழுந்தது. இங்கிருந்து போய்விட்டது என்று அர்த்தம். வாரக்கணக்காக அவள் அனுப்பிய எதுவும் அந்த ஒரு டிக்கைத் தாண்டியதில்லை.

நாங்கள் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது டிக் விழுந்தது.

“போயிச் சேந்துட்டா?” என்றாள்.

“சேந்துட்டு.”

யார் கையில் என்று அவள் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போய் மூன்று பேருக்கு அரிசி களைய ஆரம்பித்தாள். தொட்டில் தானாக இன்னும் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். குரலை இறக்கிக் கேட்டார். “டீச்சர், வார அமாவாசைக்கு நான் தண்ணி விடட்டா, வேண்டாமா?”

“எனக்குத் தெரியாது அண்ணாச்சி.”

அவர் கோபப்படவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். அடுத்த அமாவாசைக்கென்று முன்கூட்டியே வாங்கிவைத்த எள்.

“அப்பம் இது உங்ககிட்டயே இருக்கட்டும். தெரிஞ்சா கொண்டுவந்து குடுங்க” என்றார்.

அதை நான் சமைக்க முடியாது, எறியவும் முடியாது. என் வீட்டில்தான் இருக்கிறது.